கொன்றை வேரில் முடிச்சு வராது

நேற்று ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு காப்பித் தோட்டம். செடிகளின் அடி இலையெல்லாம் வெளுத்து மஞ்சளாகக் கிடக்கிறது, மண் ரிப்போர்ட்டிலும் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. ஓரம் முழுக்க வரிசையாகச் சரக்கொன்றை. மூன்று வருடமாக யூரியாவே போடவில்லையாம். “நெத்துக் காய்க்கிற மரம் தழைச்சத்தத் தானே குடுத்துரும்னு சொன்னாங்களே தம்பி” என்கிறார் பெரியவர். இந்த வருடம் இப்படி நான் பார்க்கிற நாலாவது தோட்டம் இது.

நெற்று காய்க்கிற எல்லா மரமும் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்காது. சரக்கொன்றை பிடிக்காது, புளி பிடிக்காது, மந்தாரையும் மயில்கொன்றையும் பிடிக்காது. பிடிக்கிற வேலையைச் செய்வது வேர் முடிச்சுக்குள் வாழும் ரைசோபியம் என்ற பாக்டீரியா. அதன் பாக்கெட்டைக் கரைத்து ஊற்றினாலும் இவற்றின் வேரில் முடிச்சு வராது. ஊற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நெற்று காய்க்கிற இந்த மரங்களெல்லாம் சேர்ந்த அவரைக் குடும்பம் ஒரே வீடு இல்லைங்க, பெரிய பங்காளிக் கூட்டம். பூவை வைத்து மூன்று துணைக்குடும்பம் என்று நாங்கள் படித்ததை, 2017-ல் மரபணுவை ஒப்பிட்டு ஆறாக்கிவிட்டார்கள். மந்தாரை ஒரு கிளை, புளி ஒரு கிளை, அந்தப் பக்கம் முடிச்சே கிடையாது. அகத்தி, புங்கன், கல்யாண முருங்கை, கிளைரிசிடியா எல்லாம் அவரையோடு ஒரே கிளை, இவற்றுக்கு உண்டு. சிக்கல் என்னவென்றால் கொன்றையும் வாகையும் சவுண்டலும் (சூபாபுல்) இப்போது ஒரே துணைக்குடும்பம், ஆனால் வாகைக்கும் சவுண்டலுக்கும் முடிச்சு வரும், சரக்கொன்றைக்கு வராது. பெயரையும் நம்பாதீர்கள், கல்யாண முருங்கைக்கும் குழம்பில் போடுகிற முருங்கைக்கும் உறவே இல்லை.

வேரைப் பாருங்கள். மழை விட்டதும் ஓர் இளங்கன்றை, பிடுங்காமல் (பிடுங்கினால் முடிச்சு அறுந்து மண்ணிலேயே நின்றுவிடும்) மண்கட்டியோடு தோண்டி எடுத்துத் தண்ணீரில் அலசுங்கள். முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும், விரலால் தட்டினால் உதிரும், நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு தெரிய வேண்டும். வேரே வீங்கி, உதிராமல் இருந்தால் அது நூற்புழு, வேரைத் தாக்குகிற நுண்ணிய புழு. தக்காளி போட்டவர்களுக்குத் தெரியும். போன மாதம் ஒருவர் அந்த வீக்கத்தைப் போட்டோ எடுத்து “முடிச்சு நல்லா வந்திருக்குங்க” என்று சந்தோஷமாக அனுப்பியிருந்தார், எனக்கு மனசே கேட்கவில்லை.

மண் பரிசோதனை செய்யாமல் உரத்தை நிறுத்தாதீர்கள். முடிச்சு வருகிற மரமானாலும் தழையைக் கழித்துச் செடியடியில் போட்டு அது மக்கினால்தான் காப்பிக்குச் சத்து சேரும், சும்மா நட்டுவிட்டு வந்தால் போதாது.

அப்புறம், தயவுசெய்து கொன்றையை வெட்டாதீர்கள், உதிர்கிற இலை மண்ணை மூடிவைக்கிற மூடாக்குக்கு ஆகும். பெரியவர் ஆளைக் கூப்பிடக் கிளம்பிவிட்டார், தடுத்துவிட்டு வந்தேன். நடுநடுவே கல்யாண முருங்கைப் போத்து (கிளைத் துண்டு) நடுகிறேன் என்றிருக்கிறார்.