தாயாதி: சொல்லும் உரிமையும்

தந்தை வழியில் ஒரே மூதாதையிடமிருந்து கிளைத்தவராய், அந்த மூதாதையின் சொத்தில் தமக்கும் உரிமை உண்டென்று கேட்கத் தகுதி உடையவரே தாயாதி எனப்படுவார். உறவினர் எல்லாரும் தாயாதி ஆவதில்லை. மாமனும் மைத்துனனும் எவ்வளவு நெருங்கியவராயினும் தாயாதி அல்லர். மூன்று தலைமுறைக்கு முன் பிரிந்துபோய், நல்லது கெட்டதுக்கு மட்டும் வந்து தலைகாட்டும் பெரிய பாட்டன் வழிப் பேரன் தாயாதிதான். எனவே உறவுப் பெயர் போலத் தோன்றும் இச்சொல் உண்மையில் ஓர் உரிமைப் பெயர். அண்ணன் தம்பி என்னும்போது யார் முன் பிறந்தார், யார் பின் பிறந்தார் என்பது தெரிகிறது. தாயாதி என்னும்போது அவ்விருவருக்கும் நடுவே கிடக்கும் சொத்துத் தெரிகிறது.

வடமொழியில் தாயம் என்பது வழிவழி வரும் உடைமை. அதனோடு, எடுத்துக்கொள்பவன் என்னும் பொருளுடைய 'ஆத' என்னும் உறுப்புச் சேர்ந்து 'தாயாத' என்றாகி, தமிழ், கன்னடம், தெலுங்கு ஆகியவற்றில் தாயாதி என வழங்குகிறது. தாய் + ஆதி என்று பிரித்து, ஆதியில் ஒரு தாய் வயிற்றில் பிறந்தவர் என விளக்குவது கேட்க இனிமையாக இருந்தாலும் சொல்லின் அமைப்புக்கு ஒத்துவருவதன்று. ஒரு தந்தைக்கு இரு மனைவியர் வழிப் பிறந்தவர்களும் தாயாதிகளே. தாயம் என்னும் அடிச்சொல்லையே தாயிலிருந்து பிறந்த தூய தமிழ்ச்சொல் எனவும், சொத்துத் தாய்வழியில் இறங்கிய பழங்காலத்தின் எச்சம் எனவும் கொள்ளும் தனித்தமிழ் அறிஞர் உண்டு. அந்தக் கருத்துக்கு, சொத்து உடன்பிறந்தாள் மக்களுக்குப் போகும் முறையான கேரளத்து மருமக்கத்தாயத்தைச் சான்று காட்டுவர். ஆனால் அதே மலையாளத்தில், தந்தையின் சொத்து மக்களுக்குப் போகும் முறைக்கு மக்கத்தாயம் என்று பெயர். இரண்டுக்கும் பொதுவாக நிற்கும் தாயம், யார் வழியில் என்பதைச் சுட்டாமல் இறங்கிவரும் உரிமை என்ற அளவிலேயே பொருள் தருகிறது. வழியைச் சொல்வது முன்னால் நிற்கும் சொல். ஆகவே வடமொழி மூலம் என்பதே எனக்கு வலுவாகப் படுகிறது. மூலம் எதுவாயினும், சொல் தமிழுக்குள் மிக நெடிய பழக்கம் உடையது என்பதில் ஐயமில்லை.

அந்தப் பழக்கத்துக்குத் தொல்காப்பியப் பொருளியலே சான்று. "தாயத்தின் அடையா ஈயச் செல்லா வினைவயின் தங்கா வீற்றுக் கொள்ளா" என அங்கே ஒரு நூற்பா தொடங்குகிறது. காதலர் ஒருவர் மற்றவரின் உறுப்பை 'எம்முடையது' என்று சொல்லும் விந்தையான உரிமையை விளக்க வந்த இடம் அது. ஆனால் போகிற போக்கில், ஒரு பொருள் ஒருவருக்கு உரியதாவதற்கு உலகம் ஒப்புக்கொண்ட வழிகளையும் அது சொல்லிவிடுகிறது. தாயத்தால் வருவது ஒன்று, பிறர் ஈய வருவது ஒன்று, தன் செயலால் அடைவது ஒன்று. இங்கே நின்று கவனிக்க வேண்டியது, தாயமும் ஈதலும் வெவ்வேறாக வைக்கப்பட்டிருப்பது. வடமொழித் தாயத்தின் வேர் கொடுத்தல் என்று பெரும்பாலோர் கொள்வர். தமிழ் இலக்கண நூலோ, கொடுத்து வருவது தாயம் அன்று என்று தெளிவாகப் பிரிக்கிறது. உடையவன் கையைத் திறந்தாலும் மூடினாலும் தானே வந்து சேர்வது தாயம். "முரசுகெழு தாயத்து அரசோ தஞ்சம்" என்று புறநானூற்றின் 73ஆம் பாட்டில் சோழன் நலங்கிள்ளி சொல்வதன் மிடுக்கு இந்தப் பிரிவினை தெரிந்தால்தான் முழுவதும் விளங்கும். மெல்ல வந்து அடி பணிந்து 'ஈ' என்று இரந்தால், தாயமாக வந்த அரசையே கொடுத்துவிடுவது எனக்கு எளிது என்கிறான். அவனோடு பொருத நெடுங்கிள்ளியும் அதே சோழர் குடியினன். தாயமாகக் கேட்காதே, ஈகையாகக் கேள் என்பதே தாயாதிக்கு அவன் விடுக்கும் சவால்.

சொல்லுக்குச் சட்ட நூலில் கூர்மையான வரையறை கிடைத்த இடமும் காலமும் இந்தக் கட்டுரைக்கு மிகவும் பொருத்தமானவை. யாக்ஞவல்கிய ஸ்மிருதி என்னும் வடமொழி அறநூலுக்கு விஞ்ஞானேசுவரர் எழுதிய மிதாட்சரை என்னும் உரை, மேலைச் சாளுக்கியரின் தலைநகரான கல்யாணியில், ஆறாம் விக்கிரமாதித்தன் ஆண்ட 1076 முதல் 1126 வரையான காலத்தில் எழுந்தது. உடையவனோடு உள்ள உறவு என்னும் ஒரே காரணத்தால் எந்தச் செல்வம் மற்றொருவருக்கு உரியதாகிறதோ அது தாயம் என்று அவர் வரையறுத்தார். உறவு ஒன்றே காரணம் என்றதால் கொடையும் விலையும் வெளியே போயின. இந்தத் தாயம் இரு வகைப்படும். மகனுக்கும் பேரனுக்கும் அது பிறக்கும்போதே தடையின்றி வந்துவிடுகிறது. உடன்பிறந்தான், சிற்றப்பன் முதலியோருக்கு, உடையவன் பிள்ளையின்றி இறந்தால்தான் வரும். அதுவரை தடையோடு நிற்கும். மூத்தவனுக்குக் கூடுதல் பங்கு என்னும் பழைய விதி நூல்களில் இருந்தாலும், உலகத்தார் வெறுப்பதால் அதைக் கைக்கொள்ளலாகாது என்று ஒதுக்கி, மக்களிடையே சமப் பங்கையே அவர் நிலைநாட்டினார். வங்காளத்தில் சீமூதவாகனரின் தாயபாகம் இதற்கு மாறாக, தந்தை இறந்த பின்பே மகனுக்கு உரிமை தொடங்கும் என்றது. தமிழகத்தில் வழங்கியது மிதாட்சரையின் நெறி.

உரையின் முடிவில் கல்யாணியைப் போன்ற நகர் இருந்ததுமில்லை, இருக்கப்போவதுமில்லை என்று நகரையும், விக்கிரமாதித்தனையும் விஞ்ஞானேசுவரர் வாழ்த்துகிறார். அந்த விக்கிரமாதித்தன் அரியணைக்கு வந்த வகையை அறிந்தவர்களுக்கு இதில் ஒரு சிரிப்பு உண்டு. அவன் தந்தை முதலாம் சோமேசுவரன் 1068இல் துங்கபத்திரையில் மூழ்கி உயிர்விட்டபோது, மூத்த மகனான இரண்டாம் சோமேசுவரன் முடி சூடினான். இளையவனான விக்கிரமாதித்தனுக்கு நாட்டின் ஒரு பகுதியை ஆளும் பொறுப்பு இருந்ததே தவிர அரியணை இல்லை. அவன் சோழன் வீரராசேந்திரனிடம் சென்று உறவு கொண்டான். சோழன் அவனுக்குத் தன் மகளை மணம் செய்து கொடுத்தான். அடி அடைந்த சளுக்கி விக்கிரமாதித்தனுக்குக் கண்டிகை என்னும் கழுத்தணி கட்டி, சாளுக்கிய நாடான இரட்டபாடி ஏழரை இலக்கத்தையும் எறிந்து, அதாவது வென்று, கொடுத்ததாக வீரராசேந்திரனின் மெய்க்கீர்த்தி என்னும் கல்வெட்டுப் புகழுரை பெருமையடித்துக்கொள்கிறது. 1070இல் வீரராசேந்திரனும், சில வாரங்களுக்குள் அவன் மகன் அதிராசேந்திரனும் இறக்க, கீழைச் சாளுக்கியக் குடியில் பிறந்த முதலாம் குலோத்துங்கன் சோழ அரியணை ஏறினான். அவனோடு சோமேசுவரன் சேர்ந்துகொள்ள, சாளுக்கிய வீட்டுச் சண்டையும் சோழ வீட்டுச் சண்டையும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. முடிவில் விக்கிரமாதித்தன் அண்ணனைப் பிடித்துச் சிறையில் வைத்து, 1076இல் முடி சூடி, அன்று முதல் தன் பெயரால் ஒரு புதிய ஆண்டுக்கணக்கையே தொடங்கினான். பின்னாளில் வனவாசியை ஆண்ட தம்பி செயசிங்கன் இதே வழியில் தனக்கு எதிராக எழுந்தபோது, அவனையும் அடக்க வேண்டியிருந்தது.

காச்மீரத்திலிருந்து வந்து அவையில் புலவராக அமர்ந்த பில்கணர், விக்கிரமாங்கதேவ சரிதம் என்னும் காவியத்தில் இந்த வரலாற்றைச் சொல்லும் விதம் சொல்லாராய்ச்சிக்கே உதவுகிறது. தந்தை இளவரசுப் பட்டத்தை முதலில் விக்கிரமாதித்தனுக்கே தர விரும்பினார் என்றும், அண்ணன் இருக்கத் தம்பி ஏற்பது முறையன்று என்று அவன் மறுத்தான் என்றும், பிறகு சிவபெருமானே கனவில் வந்து பணித்த பின்புதான் அண்ணனோடு பொருதான் என்றும் பில்கணர் பாடுகிறார். இதில் எவ்வளவு நடந்தது என்பதைக் காட்டிலும், எதற்காக இப்படிச் சொல்ல வேண்டியிருந்தது என்பதே கேள்வி. தாயத்தால் தன் தலைவனுக்கு அரியணை வராது என்பது புலவருக்குத் தெரியும். ஆகவே தந்தை ஈய வந்தது, கடவுள் ஈய வந்தது என்று ஈதலின் பக்கம் வழக்கைத் திருப்புகிறார். வெறும் வினையால், அதாவது வாளால் பெற்றது என்று சொல்ல மட்டும் மனம் வரவில்லை.

மிதாட்சரையின் நெறியில் வீட்டையும் நிலத்தையும் மாட்டையும் சமமாக வெட்டிப் பங்கிடலாம். அரியணையைப் பங்கிட முடியாது. எல்லா மகன்களுக்கும் பிறப்பிலேயே உரிமை உண்டு என்னும் நெறி, ஒருவனே அமரக்கூடிய இருக்கையோடு மோதும் இடத்தில்தான் அரச வீடுகளின் தாயாதிப் பகை பிறக்கிறது. குடியானவர் வீட்டில் வரப்போடு முடிகிற வழக்கு, அங்கே சிறையோடோ கொலையோடோ முடிகிறது.

பாண்டியர் இந்தச் சிக்கலைப் பலர் சேர்ந்து ஆள்வதன் மூலம் தள்ளிப்போட்டனர். ஒரே காலத்தில் பல பாண்டியர் தத்தம் ஆட்சியாண்டுகளைக் குறித்து வெளியிட்ட கல்வெட்டுகள் 13ஆம் நூற்றாண்டில் நிறையக் கிடைக்கின்றன. அக்காலத்தில் இங்கே வந்த மார்க்கோ போலோ, உடன்பிறந்த ஐந்து அரசர் நாட்டை ஆள்வதாக எழுதினார். அவர்கள் சண்டைக்கு எழும்போதெல்லாம் தாய் குறுக்கே புகுந்து, உங்களுக்குப் பாலூட்டிய மார்பை அறுத்துக்கொள்வேன் என்று அச்சுறுத்தி நிறுத்துவாள் என்றும், அவள் இறந்தால் இவர்கள் ஒருவரையொருவர் அழித்துக்கொள்வது உறுதி என்றும் அவர் குறிப்பிடுகிறார். தாயாதியைத் தாயோடு சேர்க்க விரும்புவோர்க்கு இதைவிட நல்ல கதை கிடைக்காது. இங்கே தாய் நிற்பது தாயத்துக்கு எதிர்ப்பக்கத்தில்தான் என்பதை அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சண்டை வெடித்தது அடுத்த தலைமுறையில். 1268இல் பட்டத்துக்கு வந்த மாறவர்மன் குலசேகரனுக்குச் சுந்தரபாண்டியன், வீரபாண்டியன் என இரு மக்கள். சுந்தரன் பட்டத்தரசி வயிற்றில் பிறந்தவன், வீரன் காமக்கிழத்தி வயிற்றில் பிறந்தவன் என்றும், தந்தை வீரனையே அடுத்த அரசனாக்க எண்ணியதால் சினந்த சுந்தரன் 1310இல் தந்தையைக் கொன்றான் என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் கூறுகிறார். தொல்காப்பியத்தின் பிரிவினை இங்கே ஆள் உருக்கொண்டு எதிரெதிரே நிற்கிறது. சுந்தரனின் வழக்குத் தாயம்: பிறப்பால் வந்தது, தந்தையாலும் தடுக்க முடியாதது. வீரனின் வழக்கு ஈதல்: உடையவன் விரும்பிக் கொடுத்தது. போரில் வீரனின் கை ஓங்கவே, சுந்தரன் தில்லிப் படையின் உதவியை நாடினான். 1311இல் தில்லிப் படைத்தலைவன் மாலிக் காஃபூர் தெற்கே வந்தபோது பாண்டிய நாடு இரண்டாய்ப் பிளந்து கிடந்தது. கோயில் செல்வமும் யானைகளும் வடக்கே போயின, வழக்குத் தீரவில்லை.

இனி, தமிழில் இதற்கு ஒத்த சொல் எது என்னும் கேள்வி. தாயாதிக்கு மக்கள் வழக்கில் உள்ள சொல் பங்காளி. பகு, பகுதி, பால் என்னும் சொற்குடும்பத்தோடு பங்கையும் சேர்த்துத் தமிழறிஞர் பார்ப்பர்; பங்கை ஆள்பவன் பங்காளி. பெண் கொடுத்தல் வாங்கல் இல்லாத தந்தைவழிக் கூட்டம் பங்காளி, கொடுத்து வாங்கும் கூட்டம் மாமன் மைத்துனர் என்று ஊர்வழக்கு இன்றும் பிரித்துப் பேசுகிறது. வீட்டுச் சொத்தைப் பற்றி எழுதும்போது தாயாதி என்னும் இடமெல்லாம் பங்காளி என்று தயங்காமல் எழுதலாம். அரச வீட்டுப் போருக்கு அது முழுவதும் பொருந்தாது. பங்கே இல்லாத ஒன்றுக்கு நடந்த போரில் பங்காளி என்பது எப்படி? கல்யாணியிலும் மதுரையிலும் நடந்ததை அரசுரிமைப் போர் என்பதே நேரானது. தாயாதிப் போர் என்றாலும் குற்றமில்லை.

வாரிசுப் போர் என்று எழுதுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. வாரிசு அரபுச் சொல்லிலிருந்து வந்தது. இசுலாமியச் சட்டத்தில் உடையவர் இறந்த பின்புதான் ஒருவர் வாரிசாகிறார். தாயாதியின் உரிமையோ உடையவர் உயிரோடிருக்கும்போதே விழித்திருப்பது. குலசேகரன் உயிரோடிருந்ததுதான் சுந்தரனின் சிக்கலே.

தாயத்துக்கு ஒத்த சொல்லாக மரபுரிமை, வழியுரிமை என்று பலவற்றை முன்மொழிகின்றனர். யாழ்ப்பாணத்தார் கையில் இதற்கு முன்பே ஒரு சொல் உண்டு. ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த தேசவழமைச் சட்டத்தில், முன்னோர் வழி வந்த உடைமை முதுசொம். திருமணத்துக்குப் பின் ஈட்டியது தேடிய தேட்டம். பெண்ணுக்குக் கொடுத்தது சீதனம். தாயம், வினை, ஈதல் என்னும் தொல்காப்பியரின் மூன்று வழியும் ஏறக்குறைய இதே வரிசையில் அங்கே நிற்கின்றன. முதுசம் என்று அச்சொல் பேச்சிலும் எழுத்திலும் ஈழத்தில் இன்னும் வாழ்கிறது. முன்னோர் வழி வந்ததைப் பிதுரார்ஜிதம், தாமே ஈட்டியதைச் சுயார்ஜிதம் என்று தமிழகத்துப் பத்திர எழுத்தர்கள் எழுதுவதற்கு இவை எவ்வளவோ தெளிவானவை. அந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வெறும் சொல் வேறுபாடும் அன்று. சிவகங்கைச் சமீனுக்காக, அதை ஆண்ட கௌரி வல்லபரின் மகள் காத்தம நாச்சியாருக்கும் கௌரி வல்லபருடைய அண்ணன் வழியினருக்கும் நடந்த நெடிய வழக்கு, அது முதுசொமா, கௌரி வல்லபர் தாமே அடைந்ததா என்னும் ஒரே கேள்வியில் வந்து நின்றது. தாமே அடைந்தது என்று கொண்டு 1863இல் மேல்முறையீட்டு மன்றமான இலண்டன் பிரிவி கவுன்சில் மகள் பக்கம் தீர்ப்பளித்தது, தாயாதிகள் தோற்றனர்.