செவ்வரத்தை கறுக்கும் நேரம்

எங்கள் ஊர்க் கண்ணகை அம்மன் கோயிலில் வைகாசிச் சடங்கு. அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தி முடிய நடுச்சாமம் ஆகிவிட்டது. அம்மம்மா பூத்தட்டை இடுப்பில் அணைத்தபடி வாவிக்கரைப் பாதையால் நடந்தார், நான் பின்னால். தட்டில் செவ்வரத்தம் பூக்களும் வேப்பங்குழையும் இருந்தன. பின்னேரம் வீட்டில் அதைக் கட்டும்போது கண்ணைப் பறித்தது பூதான். இலை பின்னால் ஒதுங்கிக் கிடந்தது. இப்போது பூரணை நிலவில் எல்லாம் தலைகீழ்: பூ கரிக்கட்டியாய்க் கிடக்க, வேப்பிலை சாம்பல் வெளிச்சத்தில் தெளிவாகத் தெரிந்தது.

"அம்மம்மா, பூவெல்லாம் கறுத்துப் போச்சு."

"நிலவுக்கு எல்லாம் படம் மாதிரித்தான் மனே தெரியும்."

படம் என்றால் அவருக்குக் கறுப்பு வெள்ளைப் படம். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து தோணியில் அதைக் கடந்து மட்டக்களப்பு நகரத்துக்குப் போய்ப் பார்த்த காதல் கதைகளும், வாள்சண்டைகளும், கொலைகாரன் யாரென்று கடைசி வரை தெரியாத மர்மக் கதைகளும். அவர் சொன்ன அந்த ஒரு வரியில் எவ்வளவு உண்மை இருந்தது என்பது எனக்கு விளங்கப் பல வருடங்கள் எடுத்தன. கறுப்பு வெள்ளைப் படத்தை நிறம் இழந்த படம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். நம் கண்ணுக்குள்ளேயே அப்படியொரு படக்கருவி இருக்கிறது. ஒவ்வோர் இரவும் அது வேலை செய்கிறது.

விழித்திரையில் ஒளியை உணரும் கலங்கள் பிரதானமாக இரண்டு வகை. கூம்புகள் ஏறத்தாழ 60 இலட்சம், கோல்கள் ஏறத்தாழ 12 கோடி. பகல் வெளிச்சத்தில் கூம்புகள் பார்க்கின்றன. அவற்றில் மூன்று வகை உண்டு. மூன்றும் தரும் செய்திகளை ஒப்பிட்டுத்தான் மூளை நிறத்தை அறிகிறது. முழுநிலவின் ஒளியோ நண்பகல் வெயிலைவிடச் சுமார் 4 இலட்சம் மடங்கு குறைவு. அவ்வளவு மங்கலில் கூம்புகள் பெரும்பாலும் ஓய்ந்துவிட, கோல்கள் பொறுப்பேற்கின்றன. எல்லாக் கோல்களிலும் இருப்பது றொடொப்சின் என்ற ஒரே நிறப்பொருள். ஒரே சாட்சியை வைத்து வழக்குத் தீர்க்க முடியாதல்லவா? மங்கலான பச்சையா, பிரகாசமான செம்மஞ்சளா என்று கோலுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. வந்த ஒளி கூடவா குறைவா என்பதை மட்டும் சொல்லும். அதனால்தான் இரவு சாம்பல் நிறம்.

செவ்வரத்தை ஏன் கறுத்தது என்பதற்கும் விடை அதே நிறப்பொருளில்தான். றொடொப்சின் மிக நன்றாக உள்வாங்குவது 500 நனோமீற்றரை அண்டிய நீலப்பச்சை ஒளியை. 640ஐத் தாண்டிய சிவப்புக்கு அது ஏறக்குறையக் குருடு. இலை திருப்பி அனுப்பும் ஒளியில் கோலுக்குப் பிடித்த பங்கு இருக்கிறது, செவ்வரத்தை அனுப்புவதில் இல்லை. விடியற்கால நடையில் சிவப்புப் பூக்கள் இப்படிக் கறுத்துத் தெரிவதைக் கவனித்து, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதி வைத்தவர் செக் அறிஞர் யான் புர்க்கின்யே. இந்த மாற்றத்தை இன்றும் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள்.

இனிப் படச்சுருளுக்கு வருவோம். அதுவும் ஒற்றைச் சாட்சிதான், ஆனால் அந்தச் சாட்சி வெள்ளி.

ஒளிபுகும் நாடாவின் மேல் ஜெலற்றின் பூச்சு. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத வெள்ளிப் புரோமைட்டுப் பளிங்குகள், கொஞ்சம் அயடைட்டும் சேர்ந்து. ஒளி பட்டதும் பளிங்குக்குள் ஓர் இலத்திரன் விடுபடுகிறது. அது ஒரு வெள்ளி அயனைப் பிடித்து வெள்ளி அணுவாக்குகிறது. ஒரே இடத்தில் இப்படி நான்கைந்து அணுக்கள் சேர்ந்தால் போதும், அந்தப் பளிங்கு "ஒளி கண்ட" பளிங்கு. பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. உருத்துலக்கும் கரைசலில் இட்டதும், ஒளி கண்ட பளிங்கு மட்டும் முழுவதுமாக வெள்ளியாக மாறுகிறது. நான்கு அணுவில் தொடங்கிய அடையாளம் கோடிக்கணக்கான அணுக்களாகப் பெருகிவிடுகிறது. மிச்சப் பளிங்குகளை ஹைப்போக் கரைசல் கழுவி எடுத்துவிடும். நம் கோல்களும் இதே உத்தியைத்தான் கையாள்கின்றன: ஒற்றை ஒளித்துகள் பட்டாலும் அதைப் பல படிகளில் பெருக்கி மூளைக்கு அனுப்புகின்றன. இயற்கையும் இரசாயனவியலாளரும் தனித்தனியே ஒரே வழியைக் கண்டடைந்தது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

இந்த ஜெலற்றின் மாட்டுத் தோலிலும் எலும்பிலும் இருந்து வருவது. சில ஜெலற்றினில் செய்த சுருள் கூர்மையாகப் பார்க்கும், வேறு சில மந்தமாக இருக்கும். காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. 1920களின் நடுவில் கோடாக் ஆய்வுகூடத்தின் சாமுவேல் ஷெப்பர்ட் அதைக் கண்டுபிடித்தார். மாடுகள் தின்ற கடுகினத் தாவரங்களிலிருந்த கந்தகச் சேர்வைகள் ஜெலற்றினுக்குள் வந்திருந்தன. அந்தக் கந்தகம் பளிங்கின் மேல் நுண்ணிய வெள்ளிச் சல்பைட்டுப் புள்ளிகளை உண்டாக்குகிறது. அலையும் இலத்திரன் அங்கே சிக்கிக்கொள்கிறது. தாளிக்கும்போது கடுகு வெடிக்கும் காரத்துக்கும், திரையில் நாயகியின் கண்ணோரம் மின்னும் துளிக்கும் இப்படி ஓர் உறவு.

வெள்ளி என்றால் மின்ன வேண்டுமே, படத்தில் ஏன் கறுப்பு? கொலுசின் பரப்பு வழுவழுப்பானது, ஒளியை அப்படியே திருப்புகிறது. உருத்துலக்கிய வெள்ளியோ சிக்கெடுக்காத தலைமயிர்போலச் சுருண்ட இழைகளின் கொத்து. உள்ளே போன ஒளி இழைக்கு இழை மோதி அங்கேயே அடங்கிவிடுகிறது. வண்ணச் சுருளைக் கழுவும்போது வெள்ளியை முழுக்க நீக்கிச் சாயங்களை மட்டும் விட்டுவிடுவார்கள். ஒளி பட்ட இடம் கறுத்த சுருளிலிருந்து திரைக்கான பிரதியை எடுக்கும்போது இருட்டும் வெளிச்சமும் மறுபடி இடம் மாறும். அந்தக் கறுப்பு வெள்ளைப் பிரதியில் திரையின் இருட்டு உண்மையான வெள்ளி.

வெள்ளிப் புரோமைட்டு இயல்பில் நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே காணும். 1873இல் பேர்லினில் ஹேர்மன் ஃபோகல், குறிப்பிட்ட சாயமொன்று கலந்த தகடு பச்சையையும் பதிவதைத் தற்செயலாகக் கண்டார். சாயம் பச்சை ஒளியை உள்வாங்கிப் பளிங்கிடம் ஒப்படைக்கிறது. பேசாத படங்களின் பெரும்பகுதி இப்படி நீலமும் பச்சையும் மட்டும் தெரிந்த, சிவப்புத் தெரியாத சுருளிலேயே எடுக்கப்பட்டது. அம்மம்மாவின் பூத்தட்டைப் பார்த்த என் நிலாக்கண்ணும் அந்தச் சுருளும் கிட்டத்தட்ட ஒரே பார்வை. நீல வானம் வெளுத்துவிடும், சிவந்த உதடு கறுத்துவிடும், கன்னத்தின் செம்மை அழுக்காகப் பதியும். நடிகர்கள் முகத்தில் வெள்ளை மாவும் மஞ்சளும் அப்பிக்கொண்டது அதனால்தான். 1920களின் பிற்பாதியில், சிவப்பு ஒளியும் தெரிந்த கறுப்பு வெள்ளைச் சுருள் படப்பிடிப்பில் பரவியது. உடனே ஒப்பனையும் மாற வேண்டியதாயிற்று.

பச்சையும் சிவப்பும் ஒரே சாம்பலாக விழக்கூடிய உலகத்தில் படம் எடுப்பது சின்ன வேலையல்ல. மண்ணிறச் சேலை உடுத்த நாயகி பச்சைச் சுவருக்கு முன்னால் நின்றால், நேரில் அழகு, படத்தில் சேலையும் சுவரும் ஒன்று. ஒளிப்பதிவாளர்கள் கழுத்தில் தொங்கவிட்ட பழுப்புக் கண்ணாடிச் சில்லொன்றினூடாக அரங்கைப் பார்ப்பார்கள், நிறம் மங்கி வெளிச்ச வேறுபாடு மட்டும் தெரிவதற்காக. வெள்ளைத் துணி கூசுமென்று அதை இலேசாகச் சாயத்தில் தோய்ப்பார்கள். கருங்கூந்தல் இருண்ட பின்னணியில் கரையாமலிருக்கப் பின்னாலிருந்து ஒரு விளக்கைக் கொடுப்பார்கள். காதல் காட்சிகளில் தலைமயிரைச் சுற்றி மின்னும் அந்த வெள்ளிக் கோடு அழகுக்கு முன்பே தேவைக்காகப் பிறந்தது.

இரவுக் காட்சியைப் பகலில் எடுக்கும் வித்தையைத்தான் நான் ஒவ்வொரு விருந்தாளிக்கும் செய்து காட்டுவேன். பின்னேரம் நான்கு மணிக்கு, வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில் நின்று படுவான்கரைப் பக்கம் வாவியைப் பாருங்கள். வெயில் எதிரே இருக்கும், தண்ணீர் முழுக்கச் சில்லுச்சில்லாய் மின்னும். கைத்தொலைபேசியில் கறுப்பு வெள்ளையைத் தெரிந்து, ஒளி அளவை நன்றாகக் குறைத்து, வில்லைக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடித் தாளைப் பிடியுங்கள். நீல வானத்திலிருந்து வருவதில் சிவப்புப் பங்கு குறைவு, தாள் மிச்சத்தைத் தடுத்துவிடும், வானம் இருண்டுவிடும். வெண்முகில் எல்லா நிறத்தையும் அனுப்புவதால் வெள்ளையாகவே நிற்கும். கரையோரத் தென்னைகளின் பச்சையம் சிவப்பை விழுங்கிவிடுவதால் அவை நிழலுருவாகும். சூரியன் நிலவாகிவிட்டது! வாவியில் நிலாப்பாதை விரிந்துவிட்டது.

ஒரேயொரு குறை இருக்கிறது. மெய்யான நிலவில் சிவப்புக் கறுக்கும், சிவப்புத் தாளினூடாகவோ சிவப்பு வெளுக்கும். நாயகியின் உதடு முகத்தோடு கரைந்து, முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகிவிடும். அதைச் சரிக்கட்டச் சிவப்போடு இளம்பச்சை வடிகட்டியொன்றையும் சேர்த்துப் போட்டார்கள், ஒப்பனையையும் மாற்றினார்கள். நிலவொளியைத் திரையில் படைப்பதில் பேர்போனவர் ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லி. 1957இல் வந்த 'மாயா பஜார்' படத்தின் நிலவொளிதான் இங்கு பழைய இரசிகர் வாயில் இன்றும் முதலில் வரும். பாடும் மீனின் ஓசை கேட்கத் துடுப்பைக் காதில் வைத்துப் பூரணை இரவுகளில் தோணியில் போகும் ஊர் இது. நிலவு விஷயத்தில் எங்களை ஏமாற்றுவது கடினம். அவர் வென்றார்.

மர்மப் படங்களுக்கு வேறு கணக்கு. காதல் காட்சியில் விளக்கு பெரிதாக, மெல்லிய திரைக்குப் பின்னால் இருக்கும். நிழலின் ஓரம் மெல்லக் கரையும். சதி நடக்கும் அறையிலோ விளக்கு சிறிது, வெறுமை. ஒளி ஏறக்குறைய ஒரே புள்ளியிலிருந்து வருவதால் நிழல் கத்தியால் வெட்டியதுபோல் விழும். அந்த நிழலை நம்பியே பாட்டொன்றுமில்லாமல் ஒரு தமிழ்ப் படத்தைக் கொண்டுபோக முடியும் என்பதற்கு 1954இன் 'அந்த நாள்' சாட்சி. தெருக் காட்சி என்றால் தண்ணீர் ஊற்றுவார்கள். காய்ந்த தார் வீதி, விழும் ஒளியில் பெரும்பகுதியை விழுங்கி, மிச்சத்தை எல்லாத் திசையிலும் சிதறவிடும், அதனால் இரவில் வெறும் கறுப்பு. நனைந்தால் நீர்ப்படலம் கண்ணாடியாகித் தூரத்து விளக்கைக் கமராவிடம் அனுப்பும். போருக்குப் பிந்திய வியன்னாவின் ஈரக் கல்வீதிகளை இப்படி மின்னவைத்த 'த தேர்ட் மேன்' (1949) படத்துக்காக ரொபேட் கிராஸ்கர் ஒஸ்கார் பெற்றார். மார்கழி மழை விட்ட இரவில் கல்லடிப் பாலத்துப் பக்கம் நடந்தால் அதே காட்சி இலவசம்.

படமாளிகையின் இருட்டைப் பற்றி ஒன்று மட்டும். மட்டக்களப்பு வெயிலிலிருந்து மத்தியானக் காட்சிக்குள் நுழைந்ததும் கதிரை தெரியாமல் தடவியது நினைவிருக்கும். கோல்கள் முழுக் கூர்மை பெற 20 முதல் 30 நிமிடம் வேண்டும். உள்ளே போனபின் பார்ப்பதிலும் பெரும்பங்கு இருட்டுத்தான். புரொஜெக்டர் செக்கனுக்கு 24 சட்டங்களை நிறுத்தி நிறுத்தி நகர்த்துகிறது. நகரும் கணத்தைச் சுழலும் தகடு மறைக்கிறது, நின்ற சட்டத்தையும் ஒருமுறை இடையில் மறைக்கிறது. 48 மின்னல்கள், அவற்றுக்கிடையே 48 இருட்டுகள். கண் அவற்றை இணைத்துவிடுகிறது. இரண்டு மணி நேரப் படத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் திரையில் எதுவுமே இல்லை.

பள்ளிக்கூடம் முடித்த வருடம், நகரத்தில் ஸ்ரூடியோ வைத்திருந்த உறவினர் ஒருவர் எனக்கு ஒரு முழ நீளச் சுருள்துண்டு தந்தார். எந்தப் படமென்று அவருக்கும் தெரியாது. பேணியைத் திறந்ததும் விநாகிரி மணம் மூக்கில் அடித்தது. பழைய சுருளின் நாடா செலுலோசு அசற்றேற்று. எங்கள் கடற்கரை ஈரமும் சூடும் சேர்ந்தால் அது சிதைந்து அசற்றிக் அமிலத்தை விடும், அந்த அமிலமே சிதைவை இன்னும் விரைவாக்கும். இறுக்கி மூடிய பேணியில் அமிலம் வெளியேற வழியில்லை, நான் கடதாசி உறைக்கு மாற்றினேன். நாடா அதற்குள்ளேயே சுருங்கி நெளிந்துவிட்டிருந்தது. வெள்ளி அப்படியே இருந்தது.

ஒரு பெண், தோணி, தண்ணீர். கொண்டையில் கறுத்த பூவொன்று. யன்னல் வெளிச்சத்தில் பிடித்து அம்மம்மாவிடம் காட்டினேன். கண்ணைச் சுருக்கி வெகுநேரம் பார்த்தார்.

"செவ்வரத்தைதான் மனே," என்றார்.