ஒரே எடைக்கல்லை மாட்டி ஸ்பிரிங்கை எடை போடாதீர்கள்

ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு சின்னப் பட்டறையில் ஸ்பிரிங் சோதிப்பதுதான் என் வேலை. காட்பாடி, வாலாஜா பக்கமிருந்து ஐ.டி.ஐ. முடித்து வரும் தம்பிகள் பெரும்பாலும் முதல் வாரத்தில் ஒரே தப்பைச் செய்கிறார்கள்: ஒரு எடையை மாட்டி, எவ்வளவு நீண்டது என்று ஸ்கேலில் பார்த்து, விசையை நீட்சியால் வகுத்து, "ஸ்டிஃப்னஸ் (ஸ்பிரிங்கின் விறைப்பு) இதுதாண்ணா" என்று எழுதிவிடுகிறார்கள்.

அப்படி எழுதிய ஒரு கணக்கை நம்பி, ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றின் தையல் மெஷின் பெடலுக்கு ஸ்பிரிங் செய்து அனுப்பினோம். இரண்டே நாளில் திரும்பி வந்தது. நாள் முழுக்க மிதிக்கிற அக்காவுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டதாம். கேட்டபோது மனசு கஷ்டமாகிவிட்டது.

கம்பெனி சாம்பிளாகக் கொடுத்திருந்த பழைய ஸ்பிரிங்கை மறுபடி மாட்டினேன். கணக்கு புரியட்டும் என்று முழு எண்களாகச் சொல்கிறேன்: 10 நியூட்டனுக்கு 20 மி.மீ. நீண்டது, 14-க்கு 40, 18-க்கு 60, 22-க்கு 80. தம்பி முதல் அளவை மட்டும் வகுத்து மீட்டருக்கு 500 நியூட்டன் என்று எழுதியிருந்தான். கிராஃப் போட்டால் நேர்கோடுதான், ஆனால் பூஜ்ஜியத்தில் தொடங்கவில்லை, 6 நியூட்டனில் தொடங்குகிறது. சாய்வு 12 நியூட்டனுக்கு 60 மி.மீ., அதாவது மீட்டருக்கு 200 மட்டுமே. 80 மி.மீ. இழுக்கப் பழையதற்கு 22 நியூட்டன் போதும், நாங்கள் செய்ததற்கு 40.

அந்த 6 நியூட்டன் எங்கிருந்து வந்தது? இழுவை ஸ்பிரிங்கைச் சுற்றும்போதே சுருள்கள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடிக்கும்படி சுற்றுவார்கள், இனிஷியல் டென்ஷன் என்போம். அந்தப் பிடி விடும்வரை ஸ்பிரிங் அசையாது. விசை கூடும் அளவுக்கே நீட்சியும் கூடும் என்று 1678-இல் ஹூக் சொன்ன விதி பொய்யாகிவிடவில்லை, பிடி விட்ட பிறகு அப்படியே பொருந்துகிறது. அதனால்தான் சாய்வை எடுக்கச் சொல்கிறேன், ஒற்றைப் புள்ளியை அல்ல.

சரி, கிராஃப் எப்படிப் போடுவது? குறைந்தது ஆறு ஏழு எடை மாட்டுங்கள், ஒவ்வொரு முறையும் ஆட்டம் நின்றபின் கண்ணை முள்ளுக்கு நேராக வைத்துப் பாருங்கள், குறிக்க வேண்டியது நீட்சியை, மொத்த நீளத்தை அல்ல. கிலோவை 9.8-ஆல் பெருக்காமல் விடுகிறவர்களும் உண்டு. புள்ளிகளை ஒவ்வொன்றாக இணைக்காமல் நடுவே ஒரே நேர்கோடு இழுத்து, அந்தக் கோட்டின் மேலேயே நன்றாகத் தள்ளியிருக்கும் இரண்டு இடங்களை எடுத்துச் சாய்வு கணக்கிடுங்கள். விசை நிற்கும் அச்சிலும் நீட்சி படுக்கும் அச்சிலும் இருக்கட்டும், மாற்றிப் போட்டால் கிடைப்பது தலைகீழ் எண்.

அப்புறம், எடையை இறக்கும்போதும் அளவெடுங்கள். எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் முள் பழைய இடத்துக்கு வரவில்லையா, மேலே கோடு வளைந்திருக்கிறதா, அந்த ஸ்பிரிங் மீட்சி எல்லையைத் தாண்டிவிட்டது. அதை மறுபடி மெஷினில் மாட்டக் கொடுக்காதீர்கள்.