அரசு மருத்துவமனையில் இலவச ரத்தப் பரிசோதனை: எது எங்கே கிடைக்கும், எப்படிக் கொடுப்பது

அரசு மருத்துவமனைக்கு வருபவருக்கு மருத்துவர் எழுதித் தரும் அடிப்படைப் பரிசோதனைகளைக் காசு வாங்காமல் செய்து தர வேண்டும். தேசிய சுகாதார இயக்கத்தின் கீழ் 2015இல் தொடங்கிய இலவச நோயறிதல் சேவைத் திட்டம் இதற்காகத்தான் வந்தது. பின்னர் திருத்திய வழிகாட்டுதல்படி துணை சுகாதார நிலையத்தில் 14, ஆரம்ப சுகாதார நிலையத்தில் 63, சமுதாய சுகாதார நிலையத்தில் 97, துணை மாவட்ட மருத்துவமனையில் 111, மாவட்ட மருத்துவமனையில் 134 பரிசோதனைகள். மாநிலங்கள் இதைத் தங்கள் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். கர்ப்பிணிகளுக்கு 2011 முதலே ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் இந்த உரிமை உண்டு.

பட்டியலில் இருப்பதெல்லாம் அந்தக் கட்டடத்திலேயே நடக்காது. ரத்தத்தை அங்கே எடுத்து, பெரிய லேபுக்கு அனுப்புவார்கள். சில மாநிலங்களில் அது தனியார் லேபாகவும் இருக்கும். கட்டணத்தை அரசு கொடுத்துவிடும், உங்களிடம் கேட்கக் கூடாது. ஆகவே "இங்கே மெஷின் இல்லை" என்றால், "சாம்பிள் எடுத்து அனுப்புவீர்களா, ரிசல்ட் என்றைக்கு வரும்?" என்று கேளுங்கள். ஓ.பி. சீட்டில் பரிசோதனையின் பெயரை மருத்துவர் எழுதியிருக்க வேண்டும். வாய்ச்சொல்லை வைத்து லேபில் எடுக்க மாட்டார்கள்.

இலவசமாகக் கிடைத்தும் முடிவு தப்பாக வந்தால் பயனில்லை. பெரும்பாலும் தவறு மெஷினில் நடப்பதில்லை, அதற்கு முன்பே நடந்துவிடுகிறது. வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு 8 மணி நேரமாவது சாப்பிடாமல் இருக்க வேண்டும். தண்ணீர் குடிக்கலாம், காபி, டீ கூடாது. சாப்பிட்ட பின் பார்க்கும் சர்க்கரைக்கு, முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து 2 மணி நேரம் கணக்கு. மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி-க்குப் பட்டினி வேண்டாம், ஆனால் ரத்தசோகை இருந்தால் அந்த எண் மாறிப்போகும். மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

குழாயின் மூடி நிறத்தையும் பாருங்கள். சர்க்கரைக்குச் சாம்பல் நிறம், எச்பிஏ1சி-க்கு ஊதா. சாம்பல் குழாயில் உள்ள ஃப்ளோரைடு, ரத்த அணுக்கள் குளுக்கோஸைத் தின்பதைத் தடுக்கும். அது இல்லாத குழாயில், அணுக்களைப் பிரிக்காமல் வைத்த ரத்தத்தில் மணிக்குச் சுமார் 5 முதல் 7 சதவீதம் வரை சர்க்கரை குறையும். தொலைவிலிருந்து சாம்பிள் போகும் இடங்களில் இது பெரிய வித்தியாசம். சர்க்கரை நோய் உள்ளவருக்கே "நார்மல்" என்று வந்துவிடலாம்.

கையை இறுக்கிக் கட்டி நெடுநேரம் முஷ்டியை மடக்கி மடக்கி விரித்தாலோ, ரத்த அணுக்கள் உடைந்தாலோ, பொட்டாசியம் அளவு பொய்யாக அதிகமாகக் காட்டும். எதிர்பாராமல் பொட்டாசியம் அதிகம் என்று வந்தால் மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், அது நியாயமான கோரிக்கை. தலைமுடிக்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் தைராய்டு பரிசோதனைக்கு முன் அதைச் சொல்ல வேண்டும்.

ரிப்போர்ட்டை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெயர், வயது, எடுத்த தேதி, அலகு, இயல்பு அளவு ஐந்தும் அதில் இருக்க வேண்டும். பணம் கேட்டாலோ சாம்பிள் எடுக்க மறுத்தாலோ நிலைய மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். தமிழ்நாட்டில் 104 எண்ணிலும் சொல்லலாம்.