கல்லடியும் டோஹாவும் ஒரே பாட்டும்

வந்தாறுமூலையில் படிக்கும் ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "சேர்ந்து பாட்டுக் கேட்க ஒரு செயலி செய்கிறோம். ஒருவர் ப்ளே பட்டனை அழுத்தினால் மற்றவரின் போனிலும் பாட்டுத் தொடங்குகிறது. ஆனால் எப்போதும் ஒன்று முந்துகிறது, ஒன்று பிந்துகிறது. என்ன செய்யலாம்?"

அவரும் நண்பர்களும் முதலில் ஊரில் பலரிடம் "உங்களுக்கு என்ன வேண்டும்" என்று கேட்டுப் பார்த்தார்களாம். பாட்டுப் பட்டியல், பாட்டு வரிகள், கறுப்புத் திரை என்று, ஏற்கெனவே கையில் இருக்கும் செயலிகளில் உள்ளதையே எல்லாரும் திருப்பிச் சொன்னார்களாம். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டு, ஆட்கள் எப்படிப் பாட்டுக் கேட்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறார்கள். சேர்ந்து கேட்கிற ஆசை அப்போதுதான் கண்ணில் பட்டது. செயலிப் போட்டிகளுக்குப் பரிசு கொடுக்க இங்கே ஆளிருக்கிறது. இப்படி வீடு வீடாகப் போய் உட்கார்ந்து பார்க்க பஸ் காசு கொடுக்கத்தான் ஆளைக் காணோம். பாதி ஆராய்ச்சி அங்கேதான் நடக்கிறது என்பது என் எண்ணம்.

அவர்கள் என் மாமி வீட்டுக்கு வந்திருந்தாலும் அதைத்தான் பார்த்திருப்பார்கள். மாமி மட்டக்களப்புக் கல்லடியில். மகன் கட்டாரில், டோஹாவில். வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. அன்று மாமி ரேடியோவுக்கு முன்னால் சீனிப் போத்தலில் போனைச் சாய்த்து வைத்து, அவனை அழைத்துப் பாட்டைக் கேட்க வைப்பார். போன் அழைப்பு என்பது பேச்சுக்கென்று செய்த ஏற்பாடு. பேச்சல்லாத சத்தத்தை இரைச்சல் என்று எண்ணி அமுக்கப் பார்க்கும். மத்தளமும் சல்லரியும் அரை உயிரோடுதான் அங்கே போய்ச் சேரும். "இந்த இடத்தைக் கேட்டியா மனே?" என்பார் மாமி. அவன் இன்னும் முந்திய வரியில் நிற்பான்.

ஆகவே பாட்டை அனுப்பக் கூடாது. இரண்டு போன்களும் பாட்டை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். "இப்போது தொடங்கு" என்றும் சொல்லக் கூடாது. அந்த "இப்போது" வழியில் எவ்வளவு தாமதிக்கும் என்று யாருக்கும் தெரியாது. "எட்டு மணி ஐந்து நிமிடம் பத்தாவது செக்கனில் தொடங்கு" என்று வரப்போகும் நேரத்தைச் சொல்லிவிட வேண்டும். இந்தச் செய்தி வழியில் ஒரு செக்கன் சுணங்கினாலும் பாட்டுப் பிசகாது.

சரி, இரண்டு போன்களின் கடிகாரமும் ஒத்துப்போனால்தானே இது நடக்கும்? இலங்கைக்கும் கட்டாருக்கும் உள்ள இரண்டரை மணி வித்தியாசம் பிரச்சினையே இல்லை, போன்கள் உள்ளுக்குள் உலகப் பொது நேரத்தில்தான் கணக்கு வைக்கின்றன. சிக்கல் அதைவிடச் சின்ன அளவில் இருக்கிறது. போனுக்குள் துடித்துக் கடிகாரத்தை ஓட்டும் குவார்ட்ஸ் படிகம் பத்து இலட்சத்தில் இருபது பங்கு பிசகினால் போதும், ஒரு நாளில் 1.7 செக்கன் தவறிவிடும்.

தூரத்தில் இருக்கும் இரண்டு கடிகாரங்களை ஒப்பிடும் வழி இருக்கிறதே, எனக்கு மிகவும் பிடித்த வித்தை அது. கல்லடியில் என் கடை, காத்தான்குடியில் நண்பர் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையில் போன் இல்லை. சைக்கிளில் போகிற ஒரு பையன் மட்டும் இருக்கிறான். என் கடிகாரத்தில் சரியாகப் பத்து மணிக்கு அவனை அனுப்புகிறேன். அவன் போய்ச் சேரும்போது நண்பரின் கடிகாரம் 10.35 காட்டுகிறது. ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு, அதே கடிகாரத்தில் 10.45க்குப் புறப்படுகிறான். திரும்பி வரும்போது என் கடிகாரத்தில் 10.40. புறப்படுவதற்கு முன்பே வந்துவிட்டான் போல இருக்கிறது, இல்லையா?

கணக்கைப் பாருங்கள். என் கடிகாரப்படி அவன் வெளியே இருந்தது 40 நிமிடம். அதில் 10 நிமிடம் ரீக்குப் போனது. ஓட்டம் 30, ஒருவழிக்கு 15. அப்படியென்றால் என் நேரத்தில் 10.15க்கு அவன் அங்கே சேர்ந்திருக்க வேண்டும். நண்பரின் கடிகாரம் காட்டியதோ 10.35. அது 20 நிமிடம் முந்தி ஓடுகிறது. காத்தான்குடிக்கு எத்தனை கிலோமீற்றர், பையன் எவ்வளவு வேகமாக மிதிப்பான் என்று எனக்கு எதுவுமே தெரிய வேண்டியிருக்கவில்லை. நாலு நேரங்களைக் குறித்தேன், அவ்வளவுதான்.

ஒரே ஓர் ஊகம் இதற்குள் ஒளிந்திருக்கிறது: போகும் நேரமும் வரும் நேரமும் சமம். கச்சான் காற்று எதிர்த்து வீசி, போக 20 நிமிடமும் வர 10 நிமிடமும் எடுத்தால்? அவன் சேரும்போது அங்கே 10.40, புறப்படும்போது 10.50, திரும்பும்போது என்னிடம் அதே 10.40. கணக்கு 25 நிமிடம் என்று சொல்லும். உண்மை 20. போக்குக்கும் வரவுக்கும் உள்ள வித்தியாசத்தில் சரிபாதி பிழையாக வந்து உட்காருகிறது. மொபைல் இணையத்திலும் இதே கதைதான். அனுப்பும் வழி ஒரு வேகம், இறக்கும் வழி இன்னொரு வேகம்.

இதற்கும் ஒரு தந்திரம் உண்டு. பையனைப் பல தடவை அனுப்பி, மிக விரைவாகத் திரும்பிய தடவையை மட்டும் நம்புவது. காற்றிலும் கடையடியிலும் குறைவாக மாட்டிய பயணம் அது. பிழை ஒளிந்துகொள்ள இடமும் அதில்தான் குறைவு. பிறகு டெலவெயர் பல்கலைக்கழகப் பேராசிரியரான டேவிட் மில்ஸ் 1985இல் எழுதி வெளியிட்ட இணைய நேர நெறிமுறையின் முதுகெலும்பு அந்த நாலு நேரக் கணக்குத்தான். பின்னாளில் வந்த வடிவங்களில் கடைசி எட்டு அளவுகளை வைத்துக்கொண்டு, தாமதம் குறைந்ததைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உங்கள் கணினி மணி பார்ப்பது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

வாசகிக்கு ஒரு கேள்வி: எவ்வளவு துல்லியம் வேண்டும்? ஒரே அறையில் இரண்டு போன்கள் பாடினால் சுமார் 30 மில்லிசெக்கனுக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டிப் போகப் போக எதிரொலி போலக் கேட்கத் தொடங்கும். கண்ணகி அம்மன் கோயில் திருக்குளிர்த்திக்கு வீதி நீளத்துக்கு ஸ்பீக்கர் கட்டுவார்களே, அப்போது கவனித்திருப்பீர்கள். நூறு மீற்றர் தள்ளி இருக்கும் ஸ்பீக்கரின் பாட்டு 0.3 செக்கன் பிந்தி வந்து, பக்கத்து ஸ்பீக்கரின் பாட்டோடு மோதும். மாமிக்கும் மகனுக்கும் அந்தத் துல்லியம் தேவையில்லை. இரண்டு பேரும் ஒரே வரியில் இருந்தால் போதும், கால் செக்கன் முன்பின் ஆனாலும் பரவாயில்லை. ஆகவே முதலில் ஒரே அறைக்குச் செய்கிறீர்களா, கடல் கடந்த வீட்டுக்கா என்று முடிவெடுங்கள். ஒரே அறைக்கென்றால் கடிகாரத்தைவிட புளூடூத் ஸ்பீக்கர்தான் உங்களை அழ வைக்கும். அது தன் பங்குக்கு நூறு, இருநூறு மில்லிசெக்கன் சேர்த்துவிடும்.

நாலு நிமிடப் பாட்டுக்குள் படிகம் பிசகுவது ஐந்து மில்லிசெக்கன் அளவுதான், விட்டுவிடலாம். விடிய விடிய ஆடிய ஒரு கூத்தின் ஒலிப்பதிவு என்றால் எட்டு மணி நேரத்தில் அரைச் செக்கனைத் தாண்டும். இடையிடையே அளந்து திருத்த வேண்டும். வெட்டிக் குதித்தால் காது கண்டுபிடித்துவிடும். பிந்திய போனை ஆயிரத்தில் ஒரு பங்கு வேகமாக ஓட விடுங்கள். அரைச் செக்கனும் பத்து நிமிடத்துக்குள் சரியாகிவிடும், சுருதி மாறியதாக யாருக்கும் தெரியாது.

சேர்ந்து கேட்பது இப்படி நடக்கும். சேர்ந்து பாடுவது நடக்காது. ஒலிப்பதிவுக்கு "பிறகு தொடங்கு" என்று நேரம் குறித்துக் கொடுக்கலாம், தொண்டையிலிருந்து வரும் குரலுக்கு அப்படிக் கொடுக்க முடியாதே. கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு இரண்டு இலட்சம் கிலோமீற்றர் ஓடும். டோஹா நேர்கோட்டில் நாலாயிரம் கிலோமீற்றர் அளவு என்றாலும், போவதற்கே 20 மில்லிசெக்கன். கேபிள் வளைந்து வருவதும், வழியில் உள்ள கருவிகளும், குரலைச் சுருக்கி விரிக்கும் வேலையும் சேர்ந்தால் நூறைத் தாண்டிவிடும். அவ்வளவு பிந்தினால் இரண்டு பேரின் தாளமும் ஒட்டாது.

இதையெல்லாம் மாமிக்கு விளக்கிச் சொன்னேன். போன வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து பாடிப் பார்த்திருக்கிறார்கள். "கேபிளும் இல்ல, ஒண்டும் இல்ல," என்றார் மாமி. "அவன் சின்னதிலேயே தாளம் பிந்துறவன்தான்."