அகதித் தாய்க்குக் கர்ப்பகாலக் கவனிப்பு: எதையெல்லாம் கேட்டுப் பெறலாம்?

எல்லை தாண்டி வந்த கர்ப்பிணிப் பெண் ஆஸ்பத்திரி வாசலிலேயே தயங்கி நிற்பார். பேப்பர் கேட்டால் என்ன சொல்வது, பிடித்துக் கொடுத்துவிடுவார்களோ என்ற பயம். இந்தப் பயத்திலேயே முதல் மாதங்கள் ஓடிவிடுகின்றன. அப்போதே பரிசோதித்தால் ரத்தசோகை, சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இரண்டையும் மாத்திரை, ஊசியிலேயே சரிசெய்துவிடலாம். கவனிக்காமல் விட்டால் குழந்தை குறைமாதத்தில், 2.5 கிலோவுக்கும் குறைவான எடையில் பிறக்கும் ஆபத்து கூடுகிறது.

இந்தக் கவனிப்பு யாரும் இரக்கப்பட்டுக் கொடுப்பதல்ல. 1989-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 24-ஆவது பிரிவு, பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு மருத்துவக் கவனிப்பு கிடைக்கச் செய்வது அரசின் பொறுப்பு என்கிறது. பெற்றோரின் பூர்வீகத்தையோ நிலையையோ காட்டிப் பாகுபாடு கூடாது என்கிறது 2-ஆவது பிரிவு. அமெரிக்காவைத் தவிர ஐ.நா. உறுப்பு நாடுகள் எல்லாமே இதை ஏற்றவை. ஆனாலும் ஆவணம் இல்லாதவர்களுக்குச் சில நாடுகள் அவசர சிகிச்சையோடு நிறுத்திக்கொள்கின்றன. இது தவறு என்பதே என் கருத்து. வலி எடுத்த பிறகு சேர்த்துக்கொண்டால், அதற்கு முன் கண்டுபிடித்திருக்க வேண்டியதை யார் கண்டுபிடிப்பது?

உலக சுகாதார நிறுவனம் 2016-இல் சொன்ன கணக்கு 8 பரிசோதனைகள். முதலாவது 12 வாரத்துக்குள். தாமதமாகிவிட்டதா? சரி, எந்த மாதமானாலும் போங்கள். கர்ப்பப் பதிவு அட்டையைக் கேட்டு வாங்கி, ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையோடு வைத்திருங்கள். ரத்த வகை, ரணஜன்னி (டெட்டனஸ்) ஊசி போட்ட தேதி, ரத்த அழுத்தம் எல்லாம் அதில் இருக்கும். முகாம் மாறினாலும் அடுத்த நர்ஸ் அதைப் பார்த்தே தொடர முடியும். மொழி தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். மூத்த பிள்ளையைப் பேசவைக்காதீர்கள். அம்மாவின் ரத்தப்போக்கைப் பற்றிப் பத்து வயதுப் பிள்ளை எப்படிச் சொல்லும்?

ஆஸ்பத்திரிக்குப் போக வழியே இல்லாத நெருக்கடியில், வயிறு தெரியும் நிலையில் உள்ள பெண்களுக்கு உதவி அமைப்புகள் ஒரு சிறு பிரசவப் பை கொடுப்பதுண்டு. சோப்பு, விரிக்க பிளாஸ்டிக் தாள், புது பிளேடு, தொப்புள்கொடி கட்ட நூல், குழந்தையைச் சுற்றத் துணி, அவ்வளவுதான். சுத்தமான அந்தப் பிளேடும் நூலும் கிருமித்தொற்றைத் தடுக்கும்.

குழந்தை பிறந்ததும் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், 24 மணி நேரத்துக்குள் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி நோய்க்கான தடுப்பூசி. குளிப்பாட்டுவதை ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். உடம்புச் சூடு குறையாமல் இருக்கும்.

அப்புறம், பிறப்புப் பதிவு. அதே உடன்படிக்கையின் 7-ஆவது பிரிவு, பிறந்தவுடன் பதிய வேண்டும் என்கிறது. பதிவு இல்லாவிட்டால் பின்னால் குடியுரிமையை நிரூபிக்கவே சிரமமாகும். வீட்டுக்குக் கிளம்புமுன் பிறப்புச் சீட்டை வாங்குங்கள். தாயின் பெயர் அவருடைய அகதி அட்டையில் உள்ளபடியே எழுதியிருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். தப்பு இருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள்.