புதிதாக யோசித்தவருக்கு எத்தனை மார்க்? ஏபிஏஆர் படிவத்தில் ஏமாறும் இடங்கள்

மத்திய அரசு ஊழியரின் ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையில் (ஏபிஏஆர்) 'படைப்பாற்றல்' என்று ஒரு கட்டமே கிடையாது. பொதுப் படிவத்தில் வேலைக்கு 40 சதவீதம், குணநலனுக்கு 30, செயல்திறனுக்கு 30. இந்தக் கடைசிப் பகுதியின் ஆறு கட்டங்களில் ஒன்றுதான் 'முன்முயற்சி'. மொத்தத்தில் அது வெறும் 5 சதவீதம். அங்கே பத்துக்கு 6க்குப் பதில் 10 வாங்கினாலும் மொத்த மார்க்கில் ஏறுவது 0.2 தான்.

புதிய யோசனையைக் காட்டவேண்டிய இடம் வேறு. வேலைப் பகுதியின் நான்கு கட்டங்களில் 'சிறப்புப் பணி, எதிர்பாராத பணி' என்று ஒன்று உண்டு. அதற்கு 10 சதவீதம். அதே 6, 10 ஆனால் 0.4 ஏறும். 7.7இல் நிற்பவர் 8ஐத் தாண்டி 'அவுட்ஸ்டாண்டிங்' ஆக அது போதும்.

சுயமதிப்பீட்டில் "புது முறை கொண்டுவந்தேன்" என்று எழுதினால் எடுபடாது. "40 நாள் எடுத்த பென்ஷன் கோப்பு, பதிவேட்டை மாற்றியபின் 15 நாளில் முடிகிறது" என்று கோப்பு எண்ணோடு எழுதுங்கள். 9, 10 போட்டால் அதற்கான சாதனையை அதிகாரி குறிப்புரையில் காட்டியாக வேண்டும். அந்த வரியை நீங்கள் கொடுக்காவிட்டால் வம்பு எதற்கு என்று 7 போட்டுவிடுவார்.

'குட்' என்ற சொல்லைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். 4 முதல் 6க்குள் வாங்கினால் 'குட்'. எம்ஏசிபி உயர்வுக்கு (பதவி உயர்வு கிடைக்காமல் நிற்பவருக்குத் தரும் ஊதிய உயர்வு) 25.07.2016 முதல் 'வெரி குட்' வேண்டும். பலருக்கு இது உயர்வு நின்றபிறகுதான் தெரிகிறது.

அதிகாரி மாறுதலாகிப் போகிறாரா? மூன்று மாதமாவது உங்களை மேற்பார்த்தவர்தான் எழுத முடியும். அவர் கிளம்புமுன் அந்தக் காலத்துக்கான சுயமதிப்பீட்டைக் கையில் கொடுங்கள். புதிதாக வருபவருக்கு உங்கள் பதிவேடும் தெரியாது, பாடும் தெரியாது. சுயமதிப்பீட்டுக்கு வழக்கமான கெடு ஏப்ரல் 15. தவறினால் உங்கள் சுயமதிப்பீடு இல்லாமலே அதிகாரி அறிக்கையை எழுதிவிடலாம்.

முழு அறிக்கையையும் உங்களுக்குக் காட்டவேண்டும். "அதெல்லாம் ரகசியம்" என்று பிரிவில் இழுத்தடித்தால், பணியாளர் பயிற்சித் துறையின் 14.05.2009 உத்தரவைச் சுட்டி எழுதிக் கேளுங்கள். கையில் கிடைத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் முறையீடு போகவேண்டும். "நான் திறமையானவன்" என்று புலம்பாமல், எந்தக் கட்டத்தில் எந்தத் தகவல் தவறு என்று மட்டும் எழுதி, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.